குப்பையில்லா கோமுகிநகர்

"எம்.எல்.ஏ.வத் தேடிக்கினு ஜனங்க வந்து பாத்திருக்கேன் மேடம். குப்பையே வந்து காத்துக்கினு கெடக்கறத இப்பதான் பாக்கறேன்."

சொல்லிவிட்டு, மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்த துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினான் கண்ணாயிரம். பேர்தான் கண்ணாயிரம், சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது ஆளா மரமா என்று அவனுக்குத் தெரியாது. மூக்கு மட்டும் பிரமாதமாக வேலை செய்யும். அன்று காலை அதுதான் அவன் துயரம்.

செந்தமிழ்ச்செல்வி குனிந்து பார்த்தாள். கோமுகிநகர் சட்டமன்ற உறுப்பினர் தங்கதுரையின் பங்களா வாசலில், போட்டு ஈரம் காயாத தாமரைக் கோலத்தின் மேல், ஒரு கோணிச் சாக்கு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் அடியிலிருந்து கறுப்பாக ஏதோ கசிந்து தாமரை இதழ் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. ஈக்கள் மொய்த்தன. அழுகிய கறியும் மருந்தும் குழந்தைப் பீயும் சேர்ந்த ஒரு வாடை.

செல்வி கள்ளக்குறிச்சியில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள்; கண்ணாயிரம் அவள் உதவியாளன். அதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் தொலைந்த லாரிகளையும் விசாரித்தவள். வயது நாற்பத்தைந்து. பொய்யை முகத்தில் பார்ப்பதைவிடக் குரலில் கேட்பது சுலபம் என்பது அவள் கட்சி.

தங்கதுரை கையில் டீயோடு, காற்று வீசும் பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். சலவை வேட்டி, சலவைச் சட்டை, சலவைச் சிரிப்பு.

"தை பொறந்ததுல இருந்து இப்பிடித்தாம்மா. வாரத்துல ரெண்டு தரம், மூணு தரம். எவனோ வெடியக்காலைல வச்சிட்டுப் போறான்."

"போலீஸ்ல சொல்லலையா சார்?"

"சொன்னா மறுநாளே டீவில வரும். குப்பையில்லா நகரம்னு விருது வாங்கின எம்.எல்.ஏ. வாசல்லயே குப்பைன்னு. எலெக்‌ஷன் வேற கிட்ட வந்துடுச்சு. இன்னிக்கி சாயங்காலம் சாதனை விளக்கக் கூட்டம். அதுக்குள்ள ஆளு யாருன்னு தெரியணும் எனக்கு."

கண்ணாயிரம் தெருமுனைக் கம்பத்தைக் காட்டினான். "கேமரா இருக்குதே சார். அதுல பாத்தா தெரிஞ்சிடுமே?"

தங்கதுரையின் உதவியாளர் சிவசங்கர் தொண்டையைச் செருமினார். முப்பது வயசிருக்கும். இரண்டு கையிலும் போன். "அதுக்கு இன்னும் ஒயர் இழுக்கல. தெறப்பு விழாவுக்காக அவசரமா மாட்டினது."

"ரிப்பன் வெட்டறதப் பாத்துட்டு கண்ண மூடிக்கிச்சு போல."

செல்வி அவனை முறைத்தாள். ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை. தங்கதுரைக்கு இது முதல் தடவை எம்.எல்.ஏ. பதவி. ஐந்து வருஷத்தில் அவர் செய்தவை ஊரெங்கும் நின்றன. அவர் பேர் எழுதிய பஸ் நிழற்குடையில் உட்காரப் பெஞ்சு கிடையாது. அவர் திறந்த படிப்பகம் திறந்த அன்றைக்கு மட்டும் திறந்திருந்தது. சுத்திகரிப்புக் குடிநீர் இயந்திரம் காசை விழுங்கிவிட்டுக் காற்றைத் துப்பும். சட்டசபையில் ஒரே ஒரு தரம் எழுந்து பேசினார்; மைக் வேலை செய்யவில்லை என்று சொல்வதற்காக.

தெருக்கள் மட்டும் உண்மையிலேயே சுத்தம். அதைச் செல்வியும் ஒப்புக்கொள்வாள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில் இந்தச் சின்ன நகரத்துக்குள் நுழைந்தால் கண்ணுக்கே குளிர்ச்சியாக இருக்கும். ஒரு காகிதம் கிடக்காது. சாக்கடை ஓரத்தில் ஒரு பாலித்தீன் பை கிடக்காது. மாநில அரசு கேடயம் கொடுத்தது. ஒவ்வொரு கம்பத்திலும் தங்கதுரை பல் தெரியச் சிரிக்கும் பிளெக்ஸ்: 'குப்பையில்லா கோமுகிநகர்! உங்கள் தங்கதுரை.' கீழே வீட்டு விலாசம், போன் நம்பர்.

"கொட்டு கண்ணாயிரம்."

"என்னைத் திட்றீங்களா மேடம்?"

"சாக்கைக் கொட்டு."

அவன் ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் முடிச்சை நெம்பினான். குடலைப் பிடுங்கும் நாற்றம் எழுந்தது. தங்கதுரை உள்ளே போய்விட்டார். பால் பாக்கெட், பிரியாணிக் கடைக் கவர், ஊசி, ரத்தம் காய்ந்த பஞ்சு, மாத்திரை அட்டை, மடித்த டயப்பர். எல்லாம் ஒன்றோடு ஒன்று அப்பிக்கொண்டிருந்தன. செல்வி உட்கார்ந்து குச்சியால் ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"இந்தப் பால் கவர்ல இன்னா எழுதியிருக்குது, படி."

"இனிய தீபாவளி நல்வாழ்த்துக்கள்."

"இது மாசி மாசம்."

"லேட்டா வாழ்த்தறாங்க மேடம்."

"கடைக் கவரெல்லாம் இந்த ஊர்ப் பேரு. அப்ப குப்பை இந்த ஊருது. தீபாவளிக் குப்பை மாசில எங்க இருந்து வரும்? இங்கதான் தெனமும் காலைல அள்ளிடறாங்களே."

சிவசங்கர் அவசரமாகக் குறுக்கிட்டார். "எல்லாம் உரமா மாத்திடறோம் மேடம்."

"ஊசிய எப்பிடி சார் உரமா மாத்துவீங்க?" என்றான் கண்ணாயிரம். "எந்தச் செடிக்குப் போடுவீங்க?"

செல்வி சாக்கின் வாயைக் கட்டியிருந்த கயிற்றைக் கையில் எடுத்தாள். கயிறில்லை; மரப்பட்டையை உரித்து முறுக்கிய நார். சாக்கின் மடிப்புக்குள் சுருங்கிப்போன காய்கள் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"கடுக்கா."

"மலச்சிக்கலுக்கு மருந்தும் கூடவே வச்சி அனுப்பிச்சிருக்கான். நல்ல மனசு."

"கடுக்காய் வைச்சிருந்த சாக்கு இது. நார் மலை நார். கல்வராயன் மலைல இருந்து காலைல வர்ற மொத பஸ்ஸு இந்தத் தெரு முனைலதான் நிக்குது. கடுக்கா மூட்டைன்னு சொல்லி ஏத்தினா கண்டக்டர் எதுக்குப் பிரிச்சிப் பாக்கப் போறார்?" அவள் எழுந்து கையைச் சுவரில் துடைத்தாள். துடைத்தும் போகவில்லை. "ஊர்க் குப்பை மலைக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்குது."

சிவசங்கரின் விரல்கள் போனில் அப்படியே நின்றன. ஒரு நொடிதான். பிறகு சிரித்தார். "பிரமாதம் மேடம். எங்க போறீங்களோ எனக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க. தனியா மலைக்குப் போறீங்க, ஒரு பாதுகாப்புக்கு."

சாக்கின் முதுகில் பச்சை மையால் இரண்டு கோடு இழுத்திருந்தது. கச்சிராயபாளையத்தில் கடுக்காய் மண்டி வைத்திருந்த அரங்கநாதன் அதைப் பார்த்ததுமே சொன்னார்.

"நம்ம சாக்குதான். ஊருக்கு ஒரு அடையாளம் போட்டுக் குடுப்பேன், மாறிடக் கூடாதுன்னு. பச்சக் கோடு ரெண்டுன்னா மேல்நெல்லிப்பாடி." முகத்தைச் சுளித்துக்கொண்டு சாக்கைத் தள்ளிவிட்டார். "இன்னாம்மா இது, இந்த நாத்தம் நாறுது! இத எடுத்துக்கினு போங்க மொதல்ல, சரக்குல ஏறிடும்."

செல்வி மண்டி வாசலில் நின்று சிவசங்கருக்கு ஒரு வரி அனுப்பினாள்: 'மேல்நெல்லிப்பாடி போகிறோம்.' உடனே கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பித்தது. கண்ணாயிரம் பைக்கை ஓட்ட, செல்வி பின்னால் உட்கார்ந்திருந்தாள். மூங்கில் புதர்களும் புளியமரங்களும் மாறி மாறி வந்தன. வளைவு ஏற ஏறக் காற்று சில்லென்று ஆனது. காலையிலிருந்து அப்போதுதான் செல்வி ஆழமாக மூச்சு இழுத்தாள்.

அது நிலைக்கவில்லை. எதிரே தார்ப்பாய் போட்ட லாரி ஒன்று இறங்கி வந்தது. மரவள்ளிக்கிழங்கு லோடு, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகிறது. கண்ணாயிரம் பைக்கை ஓரத்தில் ஒதுக்கினான். லாரி கடந்தபோது அதன் பின்கதவின் இடுக்கிலிருந்து கறுப்பு நீர் சொட்டியது.

"மேடம்."

"ம்."

"கெழங்குல இருந்து பிரியாணி வாசன வருது. புது ரகமோ?"

செல்வி திரும்பிப் பார்த்தாள். லாரி வளைவில் மறைந்துவிட்டது. ரோட்டில் சொட்டிய நீரில் ஈ உட்கார்ந்திருந்தது.

"ஏறும்போது காலி லாரிதானே ஏறும்," என்றாள் மெதுவாக.

"ஆமா. கெழங்கு மேலதான வெளையுது."

"காலியா ஏறல."

கண்ணாயிரத்துக்குப் புரிய ஒரு வளைவு ஆயிற்று. புரிந்ததும் பைக்கை நிறுத்தி, இறங்கி, ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தான். "அதே லாரில கெழங்கு. அந்தக் கெழங்குல ஜவ்வரிசி. போன வாரம் எங்க வூட்ல பாயசம் வச்சாங்க மேடம்."

"சாப்ட்டியா?"

"ரெண்டு டம்ளர்."

மேல்நெல்லிப்பாடிக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது தங்கதுரைதான். ஆட்டுக் கொட்டகையின் கூரையில் பல் தெரியச் சிரித்தார். ஒரு வீட்டின் குளியல் மறைப்பில் பாதி முகம் சிரித்தது. சாமை காயப்போட்ட இடத்தில் கும்பிட்ட கைகள் மட்டும் விரிந்து கிடந்தன. கோமுகிநகரில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கட்டி, பிறகு கழற்றி எறிந்த பிளெக்ஸ் எல்லாம் இங்கே வாழ்ந்துகொண்டிருந்தன.

"தொகுதியில இல்லாத எடத்துலதான் செல்வாக்கு ஜாஸ்தி," என்றான் கண்ணாயிரம்.

ஒரு பெண் சாணி தட்டிக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்தாள். மெலிந்த உடம்பு, சிவந்த கண்கள். பைக்கில் கட்டியிருந்த சாக்கை அந்தப் பெண் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் தெரியவில்லை. களைப்புதான் தெரிந்தது.

"எங்க சாக்குதான்," என்றாள், யாரும் கேட்கும் முன்பே. "வாங்க, காட்றேன்."

அவள் பேர் வெள்ளச்சி. ஊருக்குப் பின்னால் ஒரு சரிவு. மேலிருந்து ஓர் ஓடை இறங்கி, பாறைகளுக்கு இடையில் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் இடம். அங்கே ஓடை தெரியவில்லை. கோமுகிநகர் தெரிந்தது.

செல்வி எரிந்த குடோன்களைப் பார்த்திருக்கிறாள். கிணற்றில் ஊறிய உடலைப் பார்த்திருக்கிறாள். ஆனால் சரிவு முழுக்க, மரங்களின் இடுப்பு வரைக்கும், ஓர் ஊரே தின்று துடைத்து எறிந்தது குவிந்து கிடப்பதை அவள் பார்த்ததில்லை. குவியலின் அடியிலிருந்து ஓடைத் தண்ணீர் கறுப்பாக, நுரையோடு, வெளியே வந்தது. வயிறு ஊதிய ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அதன் வாயில் பாலித்தீன் பை பாதி உள்ளே, பாதி வெளியே.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மரத்தைப் பிடித்தாள்.

"அந்தத் தண்ணியத்தான் குடிச்சோம்," என்றாள் வெள்ளச்சி. "மேல கொட்றது மொதல்ல எங்களுக்குத் தெரியாது. வயித்தால போச்சு, காச்சல் வந்துச்சு. என் பொண்ணு மீனாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாயிடுச்சு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரில கெடக்குது. எங்க அக்கா பாத்துக்குது."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"லாரிய மறிச்சோம். அடிச்சாங்க. மனு குடுத்தோம். அந்த எம்.எல்.ஏ. ஆபீசுக்கே போனோம். நீங்க எங்க தொகுதி இல்லன்னு சொல்லிட்டாங்க."

"அதனால அவர் வாசல்ல போட்டீங்க."

"போடல." வெள்ளச்சியின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "திருப்பிக் குடுத்தோம். யாருதுன்னு தெரியாத பொருளா? பேரு, விலாசம் எல்லாம் போட்டு, மூஞ்சியும் போட்டு அனுப்பிச்சிருக்காரே. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. எழுத்துக் கூட்டிப் படிச்சு, என் வூட்டுக்காரர்கிட்ட குடுத்தனுப்பினேன்."

அவள் கணவன் காத்தான் தள்ளி நின்றுகொண்டிருந்தான். ஒரு காலில் துணி சுற்றியிருந்தது, ஊசி குத்தியதாம்.

"லாரி எப்ப எப்ப வரும்?" என்று கேட்டாள் செல்வி.

"காலைல ஒண்ணு. உச்சி வெயிலுக்கு ஒண்ணு. கொட்டிட்டுப் போய்க் கெழங்கு ஏத்துவாங்க."

அப்போதுதான் ஜீப் சத்தம் கேட்டது.

இரண்டு வண்டிகள் வந்து நின்றன. முன்னதில் சப்-இன்ஸ்பெக்டர் ராணியம்மாளும் ஒரு கான்ஸ்டபிளும். பின்னதில் சிவசங்கர், கூடவே கேமரா தூக்கிய இரண்டு டீவி ஆட்கள்.

"கலக்கிட்டீங்க மேடம்!" சிவசங்கர் கைகூப்பினார். "அரை நாள்ல கண்டுபுடிச்சிட்டீங்க. இனிமே எங்க வேல." டீவி ஆட்களைப் பார்த்துத் திரும்பினார். "இதோ பாருங்க. இப்பிடித்தான் ஓடையில குப்பையக் கொட்டி நாசம் பண்ணிக்கினு இருக்காங்க. கேட்டா எம்.எல்.ஏ. வாசல்லயே கொண்டாந்து கொட்றாங்க. காத்தான்னு ஒருத்தன்தான் மூட்டை ஏத்தறான்னு பஸ் கண்டக்டர் சொன்னாரு. யாரு அது? நீயா?"

செல்வி அவர் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துப் போனாள்.

"இது உங்க ஊர்க் குப்பை சார்."

"தெரியும் மேடம்." குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஒளிக்கவில்லை, கூட்டாளியிடம் சொல்வது போலச் சொன்னார். "எங்கயாவது கொட்டித்தானே ஆகணும்? கீழ கொட்டினா ஓட்டுப் போடறவன் பாப்பான். இங்க எங்களுக்கு ஒரு ஓட்டு கெடையாது. நம்ம லிமிட்டே இல்ல. இவனப் புடிச்சு உள்ள வச்சிட்டா, குப்பைக்கு ஆளும் கெடச்சாச்சு. அடுத்த தடவ ஜெயிச்சு வந்தா 'ஓடையைக் காப்போம்'னு ஒரு திட்டம் போட்டு நாங்களே அள்ளுவோம். சார் ஐடியா. எப்பிடி?"

காலையில் சாக்கின் நாற்றம் அவள் தொண்டை வரைக்கும்தான் வந்தது. இது அதற்கும் கீழே இறங்கியது. இந்த ஆளுக்குத் தேவைப்பட்டது துப்பறிகிறவள் இல்லை. மோப்பம் பிடித்து ஆளைக் காட்டிக் கொடுக்கிற நாய். அவள் மோப்பம் பிடித்தாள். வழிகாட்டி மெசேஜ் வேறு போட்டாள்.

ராணியம்மாள் காத்தானின் தோளைத் தொட்டாள். "நட ஸ்டேஷனுக்கு. அங்க வந்து பேசு." வெள்ளச்சி கணவனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

செல்வி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

"சிவசங்கர் சார்," என்றாள், சிரித்த முகத்தோடு. "இன்ஷூரன்ஸ்ல இருந்தவ சொல்றேன், கேளுங்க. ஆள மட்டும் புடிச்சா கேஸ் நிக்காது. கையும் களவுமா வேணும். கேமரா கையில இருக்குது. கொட்றத அப்பிடியே எடுத்துட்டா?"

சிவசங்கரின் கண் மின்னியது. "எப்ப கொட்டுவாங்க?"

"உச்சி வெயிலுக்குக் கொட்ட வர்றாங்களாம். அந்தம்மாவே என்கிட்ட சொல்லிச்சு. நீங்க வந்ததுதான் கெட்டுது. வண்டிய மறைவா வுட்டு, எல்லாரும் அந்தப் புளியமரத்துக்குப் பின்னாடி நில்லுங்க."

கண்ணாயிரம் அவளைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். பிறகு சிவசங்கரிடம், "மேடம் சொன்னா தப்பாது சார்," என்று சொல்லி, கேமராக்காரர்களுக்கு நல்ல கோணமாகப் பார்த்து இடம் ஒதுக்கிக் கொடுத்தான்.

காத்திருந்தார்கள். ராணியம்மாள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சரிவையே பார்த்தாள். மருந்துப் பாட்டில்கள், டயப்பர்கள், செத்த ஆடு. ஒரு தரம் காத்தானின் காலைப் பார்த்தாள். "இத்தனையும் இந்த ஊர்ல இருபது வூட்டுக்காரன் சேத்ததா?" என்று தனக்குள் சொல்வது போலக் கேட்டாள். சிவசங்கர் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், டவர் கிடைக்கவில்லை. வெள்ளச்சி மட்டும் செல்வியை வெறுப்போடு பார்த்துக்கொண்டு நின்றாள். இவளும் அவர்கள் ஆள்தான் என்று முடிவு கட்டியிருந்தாள். செல்வியால் அப்போது எதையும் விளக்க முடியவில்லை.

லாரியின் உறுமல் வளைவுக்குக் கீழே கேட்டது.

முதலில் சிவசங்கருக்கு விளங்கவில்லை; லாரிகளை அனுப்புவதோடு சரி, அவை மலை ஏறும் நேரம் அவருக்குத் தெரியாது. தார்ப்பாய் போட்ட முகப்பு தெரிந்ததும் விளங்கியது. மரத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்து ஓடி, திரும்பிப் போ என்று இரண்டு கையையும் ஆட்டினார். டிரைவர் அதை வரவேற்பாக எடுத்துக்கொண்டான். வண்டியை அவர் பக்கத்திலேயே நிறுத்தி, தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா சார், நீங்களே வந்துட்டீங்க! போன் கீன் பண்ணீங்களா? மலை மேல டவரே எடுக்கல. இன்னிக்கி லோடு ஜாஸ்தி சார், சாயங்காலம் கூட்டம்னு ஊரையே வழிச்சு அனுப்பிச்சிருக்காங்க. வழக்கமான எடத்துலயே கொட்டிடட்டுமா, இல்ல வேற எடம் பாத்து வச்சிருக்கீங்களா?"

கேமரா இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"யாருய்யா நீ?" என்று கத்தினார் சிவசங்கர். "உன்ன யாருன்னே எனக்குத் தெரியாது!"

டிரைவர் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. "இன்னா சார் இது! போன வாரம் பார்ட்டி ஆபீஸ்ல நீங்கதான எங்கிட்ட டீசல் டோக்கன் குடுத்தீங்க?"

கண்ணாயிரம் கேமராக்காரன் காதில் குனிந்தான். "சவுண்டு நல்லா வருதாண்ணே? இல்லன்னா இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லலாம். டிரைவர் நல்ல மாதிரி."

ராணியம்மாள் காத்தானின் தோளிலிருந்து கையை எடுத்தாள். மெதுவாக நடந்து போய், லாரியின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். மூடினாள். திரும்பியபோது அவள் முகத்தில் வந்ததிலிருந்து இருந்த அலுப்பு போயிருந்தது.

"வண்டி ஸ்டேஷனுக்கு வரணும். இப்பிடியே, லோடோட. ஒரு காயிதம் கீழ விழக் கூடாது." பிறகு சிவசங்கரைப் பார்த்தாள். "நீங்க ஜீப்ல ஏறுங்க. பின் சீட்ல."

"நான் யாருன்னு தெரியுமா மேடம்?"

"இவ்ளோ நேரமா டிரைவர் அதத்தான சொல்லிக்கினு இருந்தாரு?"

கண்ணாயிரம் வாயைப் பிளந்தான். நக்கலடிக்கும் தன் வேலைக்கு ஆபத்து வந்துவிட்டது என்றான் செல்வியிடம்.

புகார் கொடுக்க வெள்ளச்சியும் ஜீப்பில் ஏறினாள். ஏறுமுன் செல்வியிடம் வந்தாள். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க அவங்க கூட நின்னதுக்கு நான் உங்க மேல மண்ணு வாரித் தூத்த இருந்தேன்," என்றாள். அது போதுமாக இருந்தது.

அணைக்கருகே டவர் கிடைத்ததும் செல்வியின் போன் அலறியது. தங்கதுரை.

"இன்னாம்மா, ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார். குப்பையப் போட்டது நீங்க. அவங்க திருப்பிக் குடுத்தாங்க, அவ்ளோதான்."

மறுமுனையில் யாரையோ மைக் செட்டின் பாட்டை நிறுத்தச் சொன்னார்.

"சிவசங்கர் எங்க?"

"பத்திரமா வர்றாரு. போலீஸ் பாதுகாப்போட."

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடலாம். மேல்நெல்லிப்பாடிக்கு லாரிகள் போவது நின்றது; சரிவை அள்ளும் வேலை ஆரம்பித்து இன்னும் நடக்கிறது. மீனா கண்ணின் மஞ்சள் மறைந்து வீடு திரும்பினாள். எல்லாவற்றையும் தானே செய்ததாகவும், எம்.எல்.ஏ.வுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சிவசங்கர் எழுதிக் கொடுத்தார். கட்சி இந்த விவகாரத்தைக் கடுமையாக எடுத்துக்கொண்டு, தங்கதுரைக்கு மறுபடி சீட்டுக் கொடுக்கவில்லை. அவர் மனைவிக்குக் கொடுத்தது.

இதெல்லாம் செல்வி எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அன்று சாயங்காலம் நடந்தது.

ஸ்டேஷனுக்குப் போகும் வழி கோமுகிநகர் கடைத்தெரு வழியாக. சாதனை விளக்கக் கூட்டத்துக்கு ரோட்டை அடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். லாரி நகர முடியாமல் கூட்டத்தின் நடுவில் நின்றுவிட்டது. பகல் முழுக்க வெயிலில் வெந்த லோடு. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து நாற்றம் கிளம்பி நாற்காலி வரிசைகளில் பரவியது. மேடையில் தங்கதுரை, "இது எதிர்க்கட்சிகளின் சதி," என்று ஆரம்பித்தார். முன்வரிசை எழுந்து பின்னால் ஓடியதால் யாரும் கேட்கவில்லை.

செல்வி பைக்கிலிருந்து இறங்கி ஜனங்களின் முகங்களைப் பார்த்தாள். கோபம் இருந்தது. நிறையவே இருந்தது. நல்ல சட்டை போட்ட பெரியவர் ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நேராக அவளிடம் வந்தார். தங்கதுரையைத்தான் திட்டப் போகிறார் என்று நினைத்தாள்.

"நீங்கதான் இத எடுத்துக்கினு வந்ததாமே? எதுக்கும்மா? அது பாட்டுக்கு எங்கயோ கெடந்துச்சு. ஊரு சுத்தமா இருந்துச்சு. பச்சக் கொழந்தைங்க இருக்கற எடம்மா இது!"

அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். செல்விக்குக் காலையில் மலைப்பாதையில் ஆழமாக இழுத்த மூச்சு ஞாபகம் வந்தது. கள்ளக்குறிச்சியில் தன் வீட்டு வாசலில் தினமும் வைக்கிற பச்சை வாளி ஞாபகம் வந்தது. அது எந்த ஓடைக்குப் போகிறது என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

ஜீப்பின் கதவு திறந்தது. வெள்ளச்சி இறங்கி வந்தாள். மூக்கை மூடிய அந்தக் கூட்டத்தில் மூக்கை மூடாமல் நின்றவள் அவள் ஒருத்திதான். பெரியவரை ஏற இறங்கப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"கொஞ்ச நாளைக்குத்தான் சாமி நாறும்," என்றாள். "அப்புறம் பழகிடும்."